தியேட்டரில் பார்த்த முதல் படம்

அண்ணன் பெயர் கேட்க மாட்டார். ஊரும் கேட்க மாட்டார். ஒரகடம் கூட்டு ரோட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி, வேலை தேடி வந்தவனை மேலும் கீழும் பார்ப்பார். "தம்பி, தியேட்டர்ல பார்த்த மொதப் படம் எது?"

ஆதார் கார்டை வாங்கிப் பார்த்தால் போதாதா என்றால், "அதுல பாதிப் பேரு ஜூன் மாசம் பொறந்திருக்கானுங்க. எல்லாம் ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார் போட்ட தேதி" என்பார். கம்பெனிக்காரன் கேட்பது 18 முதல் 26. அதை அளக்க அண்ணன் வைத்திருக்கும் அளவுகோல் சினிமா. 'எந்திரன்' (2010) என்று சொல்பவன் நேரே லைனுக்குப் போவான். 'படையப்பா' (1999) என்றால் செக்யூரிட்டி. 'பாட்ஷா' (1995) என்று வாய் தவறிச் சொன்னவருக்கு டீ உண்டு, வேலை கிடையாது. நடுவில் மாட்டிக்கொள்வது 'கில்லி' (2004). அதற்கு மட்டும் துணைக் கேள்வி: "அம்மா மடியில உக்காந்து பார்த்தியா, நீயே விசிலடிச்சுப் பார்த்தியா?" மடி என்றால் பாஸ். விசில் என்றால் லோடிங்.

இந்த ஏற்பாடு ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2024 ஏப்ரலில் 'கில்லி'யை மறுபடி தியேட்டரில் விட்டார்கள், அண்ணனின் கணக்கு நாறிப்போனது. மீசை அரும்பாத பையன், "மொதப் படம் கில்லிண்ணா, விசிலடிச்சுத்தான் பார்த்தேன்" என்கிறான். ஐ.டி.ஐ. படிக்கிறவரை வீட்டில் தியேட்டருக்கே விடவில்லையாம். அவனை லோடிங்குக்கு எழுதிவிட்டு, பையன் முகத்தைப் பார்த்து, பேப்பரைப் பார்த்து, மறுபடி முகத்தைப் பார்த்தார். "ரீ-ரிலீஸ் பண்றவனையெல்லாம் உள்ள வைக்கணும் சார்." அன்றிலிருந்து கேள்வி நீண்டுவிட்டது. மொத ரிலீஸா, ரீ-ரிலீஸா, டிக்கெட் கவுன்ட்டர்லயா, ஆன்லைனா? போதாக்குறைக்கு, வருகிறவர்களும் விடை தெரிந்தே வருகிறார்கள். தாடியில் நரையை வைத்துக்கொண்டு கண் சிமிட்டாமல் 'லியோ' என்கிறார்கள்.

இரண்டு போன், நாலு விதமான விசிட்டிங் கார்டு, தலைக்கு 2,000 கமிஷன் இதெல்லாம் இருக்கிறதுதான். சுங்குவார்சத்திரத்திலிருந்து படப்பை வரை எல்லா மேன்பவர் அண்ணன்களுக்கும் இருக்கிறது. சினிமா இவருக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் கதை.

வந்ததே அதற்காகத்தான். கையில் ஒரு கதையோடு வடபழனியில் இறங்கியவர். எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்த அந்தக் கட்டு இன்னும் பைக் பெட்டியில் இருக்கிறது. இன்டர்வெல் வரை சொல்லிக் கேட்டிருக்கிறேன், நிஜமாகவே நன்றாக இருக்கும். மாமியார் குரல், வில்லன் குரல், ரயில் சத்தம் எல்லாம் அவரே. கடைசியாகச் சொன்னது சாலிகிராமத்தில் ஒரு ஆபீசில், அப்போது வயது 44. காதில் இயர்போனோடு கேட்ட பையன், "கதை ஓகே சார். யூத்துக்கு கனெக்ட் ஆகாது. யங் டீமா தேடறோம்" என்றானாம். அந்தக் குரலையும் அண்ணன் அச்சு அசலாகச் செய்வார். உடனே சூடாகிவிடுவார். "பாசமலர் எழுதின ஆரூர்தாஸ் எண்பது தாண்டித்தான் சார் வடிவேலுவோட தெனாலிராமனுக்கு வசனம் எழுதினாரு. எழுதறதுக்கு என்ன சார் வயசு?"

அமெரிக்காவில் 40 தாண்டிய டி.வி. எழுத்தாளர்கள் சேர்ந்து ஸ்டூடியோக்கள் மேல் வழக்குப் போட்டு, 2010இல் 7 கோடி டாலருக்கு சமரசமானது என்று ஒருநாள் சொன்னேன். வாயில் இருந்த டீயை விழுங்கிவிட்டு, "நம்ம கதையை இங்கிலீஷ்ல மாத்த எவ்ளோ சார் ஆகும்?" என்றார்.

அப்படிப்பட்டவர்தான் 'கூலி' (2025) வந்தபோது தான் வேலைக்குச் சேர்த்துவிட்ட பையன்கள் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே போனார். "74 வயசு சார், என்ன ஸ்டைலு!" அந்த 74 வயதுக் கூலி ஒரகடம் வந்து நின்றால் லைனில் ஏற்றுவீர்களா என்று கேட்டேன். சிரித்தார். பதில் சொல்லவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மச்சானுக்கு வயது 31. ஐ.டி.ஐ. ஃபிட்டர். இந்த ரோட்டில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் டிரெய்னி, முடித்து அனுப்பினார்கள். அடுத்ததிலும் டிரெய்னி, அதற்கடுத்து காண்ட்ராக்ட். பர்மனென்ட் எங்கும் இல்லை. வேலை கற்றவனுக்கு ஏன் கூடச் சம்பளம் தரவேண்டும், புதிதாக ஒருவனை எடுத்தால் போகிறது என்று இருக்கிறார்கள். 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றபோது வெளியே வந்தவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தார்கள். அவர்களிடமும் அடுத்த கேட்டில் ஃப்ரெஷர்தான் வேண்டும் என்றார்கள். அமெரிக்கச் சட்டத்தில் 40க்கு மேல்தான் வயதுப் பாகுபாடு என்று பேச்சே ஆரம்பிக்கும். இங்கே 28க்கே ஆளை முடித்துவிடுகிறார்கள். அதைக் கேட்க ஒரு சட்டம் இல்லை.

மச்சானை அண்ணனிடம் அழைத்துப் போனேன். கேள்வி வந்தது. 'லியோ'ன்னு சொல்லுடா என்று வழியெல்லாம் சொல்லிக் கூட்டிவந்திருந்தேன். அவன் "படையப்பாண்ணா" என்றான்.

"எந்தத் தியேட்டர்?" அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஊஞ்சல் சீனுக்கு எழுந்த கூச்சல், பெஞ்சு டிக்கெட், கட் அவுட்டுக்குப் பால் என்று அரை மணி நேரம் இருவரும் பேசினார்கள். டீக்கும் வடைக்கும் அண்ணனே காசு கொடுத்தார். கிளம்பும்போது தோளில் கை போட்டு, "செக்யூரிட்டி வேணா இருக்கு தம்பி, பன்னெண்டு மணி நேர டூட்டி" என்றார்.

கமிஷன் மட்டும் லைனுக்கு வாங்கும் அதே 2,000.