வாசிப்புக்கு ஒரு எவர்சில்வர் தட்டு

பள்ளிக்கூட வாசிப்புப் போட்டிக்கு நடுவராகப் போக இரண்டு தகுதிகள் வேண்டும். பெயர் எப்போதாவது பத்திரிகையில் வந்திருக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் வீட்டில் சும்மா இருக்க வேண்டும். எனக்கு இரண்டாவது தகுதி ரொம்பவே பலமாக இருந்ததால் தலைமையாசிரியை போன் செய்தார்.

"ஆளுக்கொரு புத்தகம் படிச்சிட்டு வந்து அதைப் பத்தி 3 நிமிஷம் பேசுவாங்க சார். நீங்க மார்க் போட்டாப் போதும். சாப்பாடு உண்டு." கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்தி, அழுத்திச் சொன்னார். எழுதுகிறவர்களோடு பழக்கம் உள்ளவர் போலிருக்கிறது.

போனதும் பொன்னாடை போர்த்தினார்கள். மின்விசிறி ஓடாத அறையில் அதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் மரியாதை செய்த மாதிரி தெரியாது, ஜாமீன் கிடைக்காத மாதிரி தெரியும். இன்னொரு நடுவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் சால்வையை நாலாக மடித்து அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். அனுபவம்!

மதிப்பெண் தாள் வந்தது. மேலே 'பேச்சுப் போட்டி' என்று அச்சிட்டிருந்ததில் 'பேச்சு' என்பதை அடித்து 'வாசிப்பு' என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். குரல் வளம் 10, உச்சரிப்பு 10, உடல்மொழி 10, நேரம் 10, கருத்து 10. புத்தகத்தைப் பிள்ளை படித்ததா, படித்தது அதற்குப் பிடித்திருந்ததா என்பதற்கெல்லாம் கட்டம் இல்லை. ஐயாவிடம் கேட்டேன். "அதெல்லாம் கருத்துலயே அடங்கிரும் தம்பி" என்றார்.

முதலில் வந்த சிறுமி அவைத்தலைவர், நடுவர்கள், ஆசிரியப் பெருமக்கள், சக மாணவச் செல்வங்கள் அனைவருக்கும் தனித்தனியாக வணக்கம் வைத்து முடிக்கவே ஒரு நிமிடம் ஆயிற்று. அடுத்து நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பகம், பக்கம், விலை. கதைக்குள் காலை வைத்த இடத்தில் பாவம், நின்றுவிட்டது. கண்கள் ஜன்னல் பக்கம் போயின. அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு அதன் அம்மா சத்தமே வராமல் வாயசைத்துக்கொண்டிருந்தார். சிங்கம் வரும் இடத்தில் கையை விரித்துப் பிடரி மயிர்கூடக் காட்டினார். உடல்மொழிக்கு 10-க்கு 10 போடலாம். எந்த வரிசை எண்ணுக்கு எதிரே போடுவது என்பதுதான் தெரியவில்லை.

பிள்ளைகள் புத்தகம் தேர்ந்தெடுக்கும் முறையை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பெயரைப் பார்ப்பதில்லை, படத்தைப் பார்ப்பதில்லை. விரலிடுக்கில் பிடித்துத் தடிமனைப் பார்க்கிறார்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிகள் உண்டு. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், அரும்பு மீசையோடு, 'நுழை' புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். "ஏம்ப்பா, நீ பறக்க வேண்டிய ஆள் இல்லையா?" என்றேன்.

"டைம் இல்ல சார், டியூஷன் இருக்கு."

சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் வகுத்தார். இன்றைக்கும் உலகமெங்கும் நூலகப் படிப்பில் அவற்றைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது அதில் நான்காவது. அவர் நூலகர்களை நினைத்துச் சொன்னதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, பின்னட்டையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

எங்கள் காலத்தில் வாசிப்புக்குப் போட்டி கிடையாது, தண்டனை உண்டு. 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கி வைத்த இரும்புக்கை மாயாவி எனக்குக் கிடைத்தபோது கை மாறி மாறி அட்டை போயிருந்தது. மாயாவி மின்சாரத்தைத் தொட்டால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் தெரியும். பூகோளப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்துக்கொண்டிருப்பேன். என் அப்பாவுக்கு மின்சாரமெல்லாம் தேவைப்படவில்லை. ஆள் வந்ததே தெரியாது. கை மட்டும் முதுகில் தெரியும். அப்படி வாங்கிக்கொண்டு படித்தவர்களுக்கு யாரும் ஊக்கம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பாதிப் போட்டி முடிந்து ஐயா லேசாகக் கண்ணயர்ந்த நேரத்தில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். வணக்கம் சொல்லவில்லை. நேராகக் கதைக்குள் குதித்தான். ராஜாவின் மோதிரத்தைத் திருடியவன் ஒரு பாழுங்கிணற்றில் இறங்குகிறான். மேலே காவலாளிகள். கீழே ஏதோ மூச்சு விடும் சத்தம். பையன் குரலைத் தாழ்த்தினான். ஜன்னல் அம்மாகூட வாயசைப்பதை நிறுத்திவிட்டார். திருடன் மெதுவாகத் திரும்பிப் பார்க்கிறான்...

"அவ்ளோதான் சார். அதுக்கப்புறம் தாள் கிளிஞ்சிருக்கு."

கூடத்தில் ஒரே கூச்சல். பையன் அசரவில்லை. "அது பாம்புன்னு நான் சொல்றேன். என் தங்கச்சி, அது இன்னொரு திருடன்னு சொல்றா. மூணு நாளா சண்டை சார்." பின்வரிசையிலிருந்து ஒருத்தன் "ஆமைடா!" என்றான். அது ராஜாவேதான் என்றாள் ஒரு சின்னப்பெண். மணி அடித்தும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விழித்துக்கொண்ட ஐயா முதல் வேலையாக என் பக்கம் சாய்ந்து, "கிளிஞ்சுங்கிறான். ழகரம் வரல" என்றார்.

உச்சரிப்பு 3, நேரம் 0. தாளில் இருந்த கட்டங்களை வைத்துக்கொண்டு அவனை ஜெயிக்க வைக்க நான் எவ்வளவோ பார்த்தேன், கணக்கு இடம் கொடுக்கவில்லை. ஜன்னல் அம்மாவின் மகளுக்கு முதல் பரிசு, எவர்சில்வர் தட்டு. அமெரிக்காவில் பீட்சா ஹட் கம்பெனி 1984-இல் ஒரு வாசிப்புத் திட்டம் ஆரம்பித்தது. சொன்ன அளவு படித்து முடிக்கும் பிள்ளைக்கு ஒரு சின்ன பீட்சா இலவசம். அங்கே பண்டத்தைக் கொடுக்கிறார்கள், இங்கே தட்டைக் கொடுக்கிறோம். இரண்டு நாடும் பேசி ஒரு முடிவுக்கு வந்தால் நல்லது. கிணற்றுப் பையனுக்கு ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா.

சாப்பாட்டின்போது தலைமையாசிரியையிடம் கேட்டேன், கிழிந்த புத்தகத்தை ஏன் கொடுத்தீர்கள் என்று. அவர் அறையில் இருந்த இரண்டு பச்சை பீரோக்களைக் காட்டினார். உள்ளே புதுப் புத்தகங்கள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். தொலைந்தால் இருப்புப் பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது? கழிவு செய்யச் சொல்லி எழுதி வைத்த புத்தகங்களைத்தான் தைரியமாக வெளியே விட முடிகிறது. ரங்கநாதனின் முதல் விதியே புத்தகம் பயன்படுவதற்கு என்பதுதான். பீரோ சாவிக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

அதற்குள் வாசலில் ஒரு கூட்டம். "டீச்சர், அந்தக் கிணத்துப் புக் எனக்கு!" "நான்தான் டீச்சர் முதல்ல கேட்டேன்!" அரும்பு மீசையும் அந்தக் கூட்டத்தில் நின்றான்.

தலைமையாசிரியைக்கு மனசு இளகிவிட்டது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பீரோவைத் திறந்தார். "அந்தக் கிழிஞ்சது எதுக்குடா? இதெல்லாம் புதுசு. ஒரு தாள்கூடப் போகாம முழுசா இருக்கு, பாருங்க."

ஆமை என்று சொன்ன பையன் ஒன்றை வாங்கிப் புரட்டினான். கடைசிப் பக்கம் பத்திரமாக இருப்பதைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"டீச்சர், இதைக் கிழிச்சுத் தர்றீங்களா?"