புதுத்தொட்டி மீன்களின் பிணியும் வைத்தியமும்: கொழும்பு 6, கொழும்பு 13 பற்றிய ஓர் ஆய்வு

1. வரைவிலக்கணம்

புதுத்தொட்டி நோய் என்பது, கண்ணாடித் தொட்டி வீட்டுக்கு வந்த முதல் ஆறு வாரங்களில் மீன்களின் உடலிலும் வீட்டாரின் மனத்திலும் தோன்றும் கோளாறுகளின் தொகுதி. கொழும்பு 6 ஆன வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொழும்பு 13 ஆன கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் இது ஒரே வேகத்தில் பரவுகிறது. வெள்ளவத்தையில் தண்ணீர் மாற்றும் பணி ஹோலுக்கும் குளியலறைக்கும் இடையே கதவடைத்து நடைபெறும். கொட்டாஞ்சேனையில் அது வாசலில் நடைபெறுவதால் ஆலோசகர்கள் கூடுதல்.

நியமத் தொட்டி 2 அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்டது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 56 லீற்றர். கல், மணல், பிளாஸ்ரிக் கோட்டை, வாய் திறந்து மூடும் சிப்பி ஆகியவை தம் பங்கை எடுத்துக்கொண்டபின் எஞ்சுவதே மீனுக்கு. இதில் முதல் நாளிலேயே கப்பி, மொலி, கோல்ட் பிஷ், ஏஞ்சல் எனப் பன்னிரண்டு உருப்படிகள் குடியேற்றப்படும். “இன்னும் இடம் கிடக்குத்தானே” என்பது இக்குடியேற்றக் கொள்கையின் மூலவாக்கியம்.

2. நோய்க்காரணம்

வீட்டார் முன்வைக்கும் கருதுகோள்கள் மூன்று: நாவூறு, கடைக்காரர் நோய்மீனைத் தலையில் கட்டிவிட்டார், பக்கத்து வீட்டுப் பிள்ளை கண்ணாடியில் தட்டியது. மூன்றுக்கும் சான்றில்லை.

மெய்யான காரணம் அமோனியா. மீன் அதைச் செவிள் வழியே ஓயாமல் வெளியேற்றுகிறது. தின்னாமல் கிடக்கும் தீனியும் அழுகி அதையே தருகிறது. ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக்கும். இன்னொருவகை அதை அவ்வளவு தீங்கில்லாத நைத்திரேற்றாக்கும். இப்பற்றீரியாக்களை 1890 அளவில் சூரிச் நகரில் பிரித்தெடுத்துக் காட்டியவர் நுண்ணுயிரியலாளர் வினோகிராட்ஸ்கி. புதுத் தொட்டியின் மணலிலும் பில்டர் பஞ்சிலும் அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். அதுவரை மீன்கள் தம் கழிவிலேயே வாழ்கின்றன. நைதரசன் வட்டத்தைப் படம் வரைந்து முழுப்புள்ளி எடுத்த பிள்ளையின் மேசைக்கு அருகிலேயே பெரும்பாலான தொட்டிகள் வைக்கப்பட்டிருப்பது கல்வியாளர் கவனத்துக்குரியது.

வெள்ளவத்தைக்கே உரிய துணைக்காரணம் ஒன்று உண்டு. கடற்கரையில் பொறுக்கிய சிப்பியும் முருகைக்கல் துண்டும் அழகுக்காகத் தொட்டியில் இடப்படுகின்றன. இவை மெல்லக் கரைந்து நீரைக் காரமாக்கும். 28 பாகை செல்சியஸில் பீஎச் பெறுமானம் 7 ஆக இருந்தால் அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவே நஞ்சான வடிவில் இருக்கும். 8 ஆக உயர்ந்தால் அது ஆறேழு பங்காகிவிடும். அலங்காரம் கூடக் கூட நஞ்சும் கூடுகிறது.

3. அறிகுறிகள்

(அ) மேலே வந்து வாய் பிளத்தல். அமோனியாவாகவோ ஒட்சிசன் குறைவாகவோ இருக்கலாம். நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு அமுலான 2022 மார்ச் இறுதியில் காற்றுப் பம்பிகள் நின்றன. குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுவதே அப்போது கைவசமிருந்த சிகிச்சை. குடும்பங்கள் முறை வைத்து இதைச் செய்யலாம்.

(ஆ) செவிள் சிவத்தல். சந்தையில் செவிளைத் தூக்கிப் பார்த்து, “நல்ல சிவப்பு, வாங்கலாம்” என்று தீர்ப்பளிக்கும் இல்லத்தரசி இங்கு தடுமாறுவார். பாரைக்கும் விளைமீனுக்கும் புதுமையின் சான்றான சிவப்பு, தொட்டி மீனில் அமோனியா எரிவின் அடையாளமாகலாம். செவிள் கபிலமானால் நைத்திரைற்று இரத்தத்தைத் தாக்கியிருக்கக்கூடும்.

(இ) வெண்புள்ளி. உப்புத் தூவியதுபோல் உடலெங்கும் தெரியும் ஒட்டுண்ணி நோய். புள்ளி உதிர்ந்ததும் சுகம் என்று வீட்டார் மகிழ்வர். உதிர்ந்த ஒவ்வொன்றும் அடியில் ஒட்டி நூற்றுக்கணக்கான குஞ்சுகளாய்ப் பிரிந்து புது மீனைத் தேடும். கொழும்பு வெப்பத்தில் இச்சுற்று ஒரு வாரத்துக்குள் முடியும். நீரில் திரியும் குஞ்சுகளையே மருந்து கொல்லும் என்பதால், புள்ளி மறைந்தபின்னும் சிகிச்சை தொடரவேண்டும்.

4. வைத்தியர் வகைகள்

கடைக்காரர்: எந்த நோய்க்கும் தட்டில் எஞ்சியுள்ள போத்தலைப் பரிந்துரைப்பவர்.

அம்மம்மா: மஞ்சள், வேப்பிலை மரபினர். மீன் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லி, யாரும் பாராத நேரத்தில் ஒரு பிடி தீனி போடுவார். அமோனியாவின் பிரதான மூலம் இவரே.

வெளிநாட்டு மாமா: ரொறன்ரோவிலிருந்து வட்ஸ்அப்பில் தொட்டியைப் பார்வையிடுபவர். “ஹீற்றர் போட்டனீங்களோ?” என்பது இவரது முதல் வினா. தண்ணீர் இயல்பாகவே 28 பாகையில் நிற்கும் நகரம் இவரது நினைவிலிருந்து நழுவியிருக்கும்.

குடும்பத்தலைவர்: தொட்டியை முழுதாகக் கவிழ்த்து, கல்லைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, பில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து வெளுப்பவர். மூன்று வாரம் வளர்ந்த பற்றீரியாவை மூன்று நிமிடத்தில் ஒழித்து, நோயை முதல் நாளுக்குத் திருப்புவார்.

5. சிகிச்சை

முதல் மருந்து பட்டினி. வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் தீனியின்றித் தாங்கும், தாங்காதவர் அம்மம்மா. தீனி டப்பாவை இவருக்கு எட்டாத உயரத்தில் வைப்பது சிகிச்சையின் பகுதி.

இரண்டாவது, தண்ணீர் மாற்றுதல். ஒரு தடவைக்கு நாலிலொரு பங்கு போதும். அம்பத்தளையில் களனி ஆற்று நீரைச் சுத்திகரித்து நீர் வழங்கல் சபை அனுப்பும் குழாய்நீரில் குளோரீன் உண்டு; மனிதருக்கு நல்லதான அது செவிளையும் பற்றீரியாவையும் எரிக்கும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைக்கலாம்; அவசரமானால் சோடியம் தயோசல்பேற்று சில துளி. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசவேண்டும்.

மூன்றாவது, உப்பு. லீற்றருக்கு ஒரு கிராம் அளவிலேயே நைத்திரைற்றுச் செவிளுக்குள் புகுவதைக் குளோரைட்டு தடுக்கும். ஆனையிறவு உப்பா, அம்பாந்தோட்டை உப்பா என்ற விவாதம் வீடுகளில் நீண்டுசெல்லும். மீன் இதில் பக்கம் சாராது.

நான்காவது, மெதிலீன் நீலம். 1876 இல் சாயமாகப் பிறந்து, 1891 இல் மருத்துவர் ஏர்லிக் கையில் மலேரியா மருந்தான பொருள். பங்கசுக்குப் பயன்படும், ஆனால் பில்டர் பற்றீரியாவையும் அழிக்கும். ஆகவே நோயாளியை வேறு வாளிக்கு மாற்றியே கொடுக்கவேண்டும். நேரே தொட்டியில் ஊற்றியோர் வீட்டைக் கல், விரல், திரைச்சீலை மூன்றின் நிறத்தாலும் அடையாளம் காணலாம்.

6. பெறுபேறு

நாலு வாரமளவில் வீட்டாருக்குத் தொட்டியில் ஆர்வம் குறையும். தீனி குறையும், கழுவுதல் நிற்கும், எஞ்சிய நாலைந்து மீன்களுக்குக் கூட்டமும் குறையும். பற்றீரியா தடையின்றிப் பெருகி, ஆறாம் வாரம் தண்ணீர் தானே தெளியும். அந்த வாரத்தில் எது தொட்டிக்குள் போடப்பட்டதோ, அதுவே அக்குடும்பத்தின் நிரந்தர மருந்தாக நிலைபெறும். மஞ்சள் என்றால் மஞ்சள், கடைப் போத்தல் என்றால் போத்தல். ஒன்றுமே போடப்படாத வீடுகளில் மாமாவின் வட்ஸ்அப் ஆலோசனைக்கு அப்பெருமை போய்ச்சேரும். அடுத்த சனிக்கிழமை, காலியான இடத்துக்கு மேலும் எட்டு மீன்கள் வாங்கப்படுவதால், இவ்வாய்வின் இரண்டாம் பிரிவை மீண்டும் பார்க்க.