இரண்டாம் பட்டத்துச் செவிலிய மாணவர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நகரங்களில், பகலில் ஓர் அலுவலகத்துக்கும் மாலையில் ஒரு கல்லூரிக்கும் உரியவராகி, மிச்சமிருக்கும் சில மணி நேரத்தில் மட்டும் குடும்பத்தாரின் கண்ணில் படும் ஒரு மனித வகை உண்டு. ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்று, அதற்கேற்ற வேலையிலும் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, தலையில் முதல் நரை தெரியும் பருவத்தில் செவிலியர் பட்டத்துக்காக மறுபடியும் வகுப்பறைக்குள் நுழையும் இவரை, இரண்டாம் பட்ட மாணவர் என்று கல்லூரிகள் வகைப்படுத்துகின்றன. இவருக்கென்றே விரைவுப் பட்டப்படிப்பு என்றோர் ஏற்பாடும் இருக்கிறது. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971-இல் தொடங்கிய இம்முறையில், முதல் பட்டத்துக்காகப் படித்த பொதுப் பாடங்கள் கழித்துக்கொள்ளப்பட்டு, செவிலியப் பாடங்கள் மட்டும் ஏறத்தாழ 12 முதல் 18 மாதங்களுக்குள் திணித்துத் தரப்படுகின்றன. தமிழ்நாட்டில் இதற்கு நேரான குறுக்குவழி கிடையாது; பட்டயம் பெற்ற செவிலியர் ஈராண்டு மேற்படிப்பில் பட்டதாரியாகலாமே தவிர, பி.காம். முடித்தவர் செவிலியராக விரும்பினால் செவிலியப் படிப்பை முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

படிப்புக் காலத்தில் வேலை பார்க்க வேண்டாம் என்று விரைவுப் படிப்பை நடத்தும் கல்லூரிகளில் பல, மாணவர் கையேட்டிலேயே அறிவுறுத்துகின்றன. அறிமுகக் கூட்டத்தில் இவ்வறிவுரை வாசிக்கப்படும்போது இவ்வகையினர் அனைவரும் பணிவோடு தலையசைக்கின்றனர். தலையசைத்தபடியே மேசைக்கு அடியில் அலுவலக மின்னஞ்சலுக்குப் பதிலும் எழுதுகின்றனர். இதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. பெல் உதவித்தொகை எனப்படும், வசதி குறைந்த மாணவருக்குக் கூட்டரசு வழங்கும் திருப்பித் தர வேண்டாத நிதி, முதல் இளநிலைப் பட்டத்துக்கு மட்டுமே உரியது என்பதால், இரண்டாம் பட்டத்துக்கு வருபவருக்குப் பெரும்பாலும் கடனே வாயில். அதைவிட வேடிக்கையானது காப்பீடு. அந்நாட்டில் உழைக்கும் வயதினர் பலருக்கு மருத்துவக் காப்பீடு வேலை தரும் நிறுவனத்தின் வழியாகவே கிடைப்பதால், பிறர் உடல்நலத்தைப் பேணும் கலையைக் கற்பதற்காக வேலையை விடுபவர், தம் உடல்நலத்துக்கு இருந்த ஒரே பாதுகாப்பையும் சேர்த்து விட நேர்கிறது. ஆகவே அவர் வேலையை விடுவதில்லை. பழைய வேலையைப் பாதி நேரமாகச் சுருக்கிக்கொள்பவர், மருத்துவமனையிலேயே உதவியாளராகச் சேர்ந்து வார இறுதிகளில் படுக்கை மாற்றுபவர், முழுநேர வேலையையும் வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கைவிடுபவர் என்று இவர்களில் உட்பிரிவுகள் உண்டு. மூன்றாம் பிரிவினரை ஆராய்வது கடினம். கேள்வி கேட்டு முடிப்பதற்குள் அவர்கள் உறங்கிவிடுகின்றனர்.

இவ்வினத்துக்கு ஒரு முன்னோரைத் தேடினால் கவிஞர் வால்ட் விட்மனைச் சொல்லலாம். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் வாஷிங்டனில் படைச் சம்பள அலுவலகமொன்றில் நாளில் சில மணி நேரம் நகலெழுதிப் பிழைத்துக்கொண்டு, மீதி நேரமெல்லாம் காயம்பட்ட வீரர்களின் கட்டிலருகே கழித்தவர் அவர். ஆயினும் நுண்ணுயிரியல் தேர்வு எழுத வேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை என்பதால், இந்த ஒப்புமையை அதிக தூரம் இழுக்க இயலாது.

இன்றைய மாணவரோ அந்தத் தேர்விலிருந்துதான் தொடங்க வேண்டும். முன்தேவைப் பாடங்கள் எனப்படுபவை, அதாவது உடற்கூற்றியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல் முதலியவை, செவிலியப் படிப்பில் சேர்வதற்கு முன்பே முடிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு காலத்தில் முடித்தவர்களுக்கும் விடுதலை இல்லை. ஐந்தாண்டு, ஏழாண்டு கடந்த அறிவியல் மதிப்பெண்களைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. மனித உடலின் 206 எலும்புகளில் ஒன்றிரண்டு இடைக்காலத்தில் இடம் மாறியிருக்கக்கூடும் என்று அவை அஞ்சுகின்றன போலும். இந்த வாசலில் மிகுந்த சோதனைக்கு ஆளாபவர், தமிழ்நாட்டில் பொறியியல் முடித்து, மணமாகி நியூ ஜெர்சிக்கு வந்து, சில ஆண்டுகள் மென்பொருள் சோதித்துச் சலித்தபின் செவிலியத்தின் பக்கம் திரும்பும் பெண். அவருடைய மதிப்பெண் பட்டியல்கள் முதலில் அயல்நாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிடும் நிறுவனமொன்றுக்குப் போய்வர வேண்டும். பருவத்துக்கொரு கணிதத் தாளாக எழுதித் தேறியவர், அவற்றுள் எதுவும் ‘புள்ளியியல் அறிமுகம்’ என்ற பெயரில் இல்லை என்பதால், பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து சராசரி காண்பது எப்படி என்று கற்கிறார்.

ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு இவருக்கு நேரும் தனிச் சோதனை. “எஞ்சினியரிங் படிக்க வெச்சது இதுக்குத்தானாடி? யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்றது?” என்று ஒரு வாரம் கேட்கும் தாய், மறு வாரமே, “மூட்டு வலிக்கு டாக்டர் புதுசா ஒரு மாத்திரை குடுத்திருக்காரு, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா?” என்று கேட்கிறார். கை கழுவும் முறை வரைக்குமே பாடம் நடந்திருப்பதால் மகளால் விடை சொல்ல முடிவதில்லை. அதற்குள் ஊரில் இன்னும் நான்கு பேர் தங்கள் மாத்திரைச் சீட்டுகளைப் புகைப்படமெடுத்து அனுப்பியிருப்பார்கள்.

இரண்டாம் பட்ட மாணவரைப் பொது இடத்தில் அடையாளம் காண்பது எளிது. இரயிலில் எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தைப் பாராமல் முழங்கைக் குழியையே ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் திருடருமல்லர், காதலருமல்லர்; நேராகவும் தடிப்பாகவும் ஓடும் ஒரு சிரையைக் கண்டு, அதில் ஊசி ஏற்றுவது எவ்வளவு சுலபம் என்று ஏங்கும் மாணவர். விருந்துக்குப் போன வீட்டில் இவர் கை கழுவும்போது, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று முறை பிசகாமல் தேய்த்து, காகிதத் துண்டால் கையைத் துடைத்து, இன்னொரு துண்டால் குழாயை மூடிவிட்டு வரும்வரை மற்றவர்கள் சாப்பிடக் காத்திருக்கின்றனர். இரத்த அழுத்தம் பார்ப்பதற்காகக் குடும்பத்தாரின் கைகள் மாறி மாறிக் கடன் வாங்கப்படுகின்றன. ஒவ்வொரு வாரமும் நடத்தப்படும் பாடத்துக்கேற்ற நோய் அந்த வாரம் தமக்கே வந்துவிட்டதாக இவர் நம்புவதுமுண்டு. மகப்பேற்றுப் பாடம் நடக்கும் வாரங்களில் ஆண் மாணவர்களுக்கு மட்டும் சற்று ஓய்வு.

ஆனால் இவ்வகையினரின் உண்மையான துன்பம் செய்முறைத் தேர்வில்தான் வெளிப்படுகிறது. நாற்பது பேருக்கு மேலாளராக இருந்து, கோடிக்கணக்கான டாலர் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட ஒருவர், சிறுநீர் வடிகுழாய் செலுத்துவதற்காக ஒரு ரப்பர் பொம்மையின் முன் நிற்கிறார். கிருமி நீக்கிய விரிப்பு ஒன்று மேசைமேல் விரிக்கப்பட்டிருக்கிறது. அதன் விளிம்பில் ஓர் அங்குல அகலம் தூய்மையற்றதாகக் கருதப்படும். இடுப்புக்குக் கீழே இறங்கிய கை தூய்மையற்றது. விரிப்புக்கு முதுகு காட்டினால் விரிப்பு முழுவதுமே தூய்மையற்றது. கையுறை அணிந்த இரு கைகளையும் மார்பளவில் உயர்த்தியபடி அவர் நிற்கும் அந்த நேரம் பார்த்து மூக்கு அரிக்கிறது. எதிரே குறிப்பேட்டுடன் நிற்கும் ஆசிரியை, அவரிடம் வேலை கேட்டு வந்திருந்தால் நேர்காணலில் உட்கார வைத்திருக்கக்கூடிய வயதினர். மூக்கைத் தொட்டால் தேர்வு போயிற்று. கல்லூரியில் சேர்ந்தபின் அவர் எடுத்த முடிவுகளுள் மிகக் கடினமானது, தொடாமலிருப்பது என்ற அந்த முடிவாகவே இருக்கும்.

முதல் தொழிலில் பெற்ற தேர்ச்சியே இரண்டாம் தொழிலில் காலை வாரிவிடுவதை இவ்வகையினரிடம் விரிவாகக் காணலாம். பன்னிரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதியவர், தொகை எதுவாயினும் புள்ளிக்குப் பின் இரண்டு பூச்சியம் போட்டே பழகியவர். மருந்தின் அளவை ஐந்து மில்லிகிராம் என்று கண்டதும் அவர் கை தானாகவே ‘5.00’ என்று எழுதிவிடுகிறது. மருத்துவமனையில் இது பெருங்குற்றம். புள்ளி மங்கினால் ஐந்து ஐந்நூறாக வாசிக்கப்படும் என்பதால், முழு எண்ணுக்குப் பின்னால் பூச்சியம் இடுவது அங்கே விலக்கப்பட்டிருக்கிறது. அரை மில்லிகிராமை எழுதும்போதோ புள்ளிக்கு முன்னால் பூச்சியம் கட்டாயம். அதுவரை சம்பளம் பெற்றுத் தந்த பழக்கத்துக்கு அன்று மதிப்பெண் குறைக்கப்படுகிறது.

மேலாளரின் இடர் வேறு. எந்தப் பணியையும் இன்னொருவரிடம் ஒப்படைப்பதில் வல்லவர் அவர். நோயாளியை மதிப்பிடுதல், அவருக்குக் கற்பித்தல், சிகிச்சையின் பயனைச் சீர்தூக்குதல் ஆகிய மூன்றையும் பதிவுபெற்ற செவிலியர் உதவியாளரிடம் ஒப்படைக்கக் கூடாது என்ற விதி அவருக்குப் பெரும் அநீதியாகத் தோன்றுகிறது. வழக்கறிஞராக இருந்து வந்தவரோ வினாத்தாளுடனேயே வழக்காடுகிறார். நான்கு விடைகளும் சரியாக இருக்க, அவற்றுள் முதலில் செய்ய வேண்டியதைத் தேர்க என்று கேட்பது செவிலியத் தேர்வின் மரபு. மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம் என்ற வரிசையில் உயிருக்கு எது முந்தியதோ அதுவே விடை. மருத்துவரை அழைப்பது என்ற விடை, பார்வைக்கு எவ்வளவு பொறுப்பானதாக இருந்தாலும், நோயாளியை முதலில் நேரில் சென்று பாராத நிலையில் பெரும்பாலும் தவறு. இதற்கு எதிராக வழக்கறிஞர் எழுதித் தரும் மூன்று பக்க மேல்முறையீட்டை ஆசிரியை பொறுமையாக வாசித்து, ‘நோயாளி இதற்குள் இறந்திருப்பார்’ என்று ஓரத்தில் குறித்துத் திருப்பித் தருகிறார்.

இப்படிப்பால் இல்லத்தார் அடையும் துயரங்களுள் தலையாயது, நலம் நாடும் உரையாடல் என்ற பாடம். நோயாளியிடம் ‘ஏன்’ என்று கேட்கக் கூடாது, ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று வெற்று உறுதி தரக் கூடாது, அவர் உணர்வதை அவருக்கே எடுத்துச் சொல்லி மேலும் பேசத் தூண்ட வேண்டும் என்பது அதன் சாரம். “சாம்பார்ல ஏன் உப்பே இல்ல?” என்று கணவர் கேட்க, மேலே சொன்ன நியூ ஜெர்சிப் பெண் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து, “உப்பு குறைஞ்சது உங்களுக்கு ஏமாத்தமா இருக்குன்னு தெரியுது. அதைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்றீங்களா?” என்று கனிவோடு கேட்கிறார். கணவர் எழுந்துபோய்த் தாமே உப்புப் போட்டுக்கொள்கிறார். பாடநூல் இதையும் வெற்றி என்றே கொள்ளும். நோயாளி தம் தேவையைத் தாமே நிறைவேற்றிக்கொள்ளத் தொடங்குவது குணமடைதலின் அறிகுறி.

மருத்துவமனைப் பயிற்சி நாள்கள் பெரும்பாலும் விடியலில் தொடங்கிப் பன்னிரண்டு மணி நேரம்வரை நீள்கின்றன. அதற்கு முன்னும் பின்னும் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும். நோயாளியின் ஒவ்வொரு சிக்கலுக்கும் இலக்கு, செயல், செயலுக்கான காரணம், விளைவு என்று கட்டம் கட்டி நிரப்பும் இவ்வேட்டின் நீளத்துக்கும் நோயாளி மருத்துவமனையில் தங்கும் காலத்துக்கும் தொடர்பு இருப்பதில்லை. திட்டம் எழுதி முடிவதற்குள் அவர் குணமாகி வீட்டுக்குப் போய்விடுவார். வேலைக்கும் செல்லும் மாணவர் இதைக் காரின் ஓட்டுநர் இருக்கையில், மடியில் சாப்பாட்டு டப்பாவையும் கணினியையும் ஒருசேர வைத்துக்கொண்டு எழுதுவதால், அதில் இடம்பெறும் கறைகள் ஊணால் வந்தவையா, கண்ணீரால் வந்தவையா என்று ஆசிரியர்கள் ஆராய்வதில்லை.

இவ்வளவு நகைப்புக்கும் இடையில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. உடற்கூற்றியலில் இளம் மாணவர் இவரை எளிதில் முந்திவிடுவர். அவர்களுடைய நினைவில் இடம் மிச்சமிருக்கிறது. ஆனால் நோயாளியின் மகள் தாழ்வாரத்தில் நின்று கத்தும்போது, இளம் மாணவர்கள் மருந்து அறைக்குள் மறைந்துகொள்ள, வங்கியின் புகார்ப் பிரிவில் பத்தாண்டு இருந்த இரண்டாம் பட்டத்துக்காரர் மட்டும் அங்கேயே நின்று முழுவதையும் கேட்கிறார். கத்துபவர் தம்மை நோக்கிக் கத்தவில்லை என்று அவருக்குத் தெரியும். கேட்டு முடித்தபின் உட்கார ஒரு நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் கொண்டுவந்து தருகிறார். எந்தச் செய்முறைத் தேர்விலும் இதற்கு மதிப்பெண் இல்லை. கல்லூரிகள் இவ்வகையினரை விரும்பிச் சேர்த்துக்கொள்வதில் தவறும் இல்லை.

பட்டம் பெற்றபின் உரிமத் தேர்வு ஒன்று மிஞ்சுகிறது. விடைக்குத் தக்கபடி அடுத்த கேள்வியைக் கடினமாக்கியோ எளிதாக்கியோ தரும் இக்கணினித் தேர்வில், 2023-இல் நடைமுறைக்கு வந்த வடிவத்தின்படி, குறைந்தது 85 கேள்விகளும் மிகுந்தது 150 கேள்விகளும் உண்டு. இவர் தேறுவார் என்றோ தேறமாட்டார் என்றோ கணினிக்கு உறுதிப்பட்டதும் திரை அணைந்துவிடும். மிக நன்றாக எழுதியவருக்கும் மிக மோசமாக எழுதியவருக்கும் அது 85-ஆம் கேள்வியிலேயே அணையும் என்பதால், முடிவு வரும்வரை இவ்வகையினரோடு பேச்சுக்கொடுப்பது உசிதமன்று. தேறி வேலையில் சேர்ந்தால், புதியவர் என்ற முறையில் பல மருத்துவமனைகளில் முதலில் கிடைப்பது இரவுப் பணி. இத்தகையவர் ஒருவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருப்பாராயின், இரத்த அழுத்தம் பார்க்கக் கை கேட்கும்போது மறுக்காமல் நீட்டுங்கள். படிப்பு எப்போது முடியும் என்று மட்டும் கேட்காதீர்கள், உங்கள் அழுத்தம் ஏறியிருப்பதாகச் சொல்லிவிடுவார்.