வருங்கால விமான அதிபர்

பெயர் வைத்தாயிற்று. வாலில் என்ன படம் போடுவது என்பதும் முடிவாகிவிட்டது: தோகை விரித்த மயில். ஜன்னலோர இருக்கைக்காரருக்குக் கொடுப்பது பருத்திப்பாலா, கம்பங்கூழா என்பதில் மட்டும் வீட்டம்மாவுக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. மற்றபடி, வருங்கால விமான அதிபருக்குப் பாக்கியிருப்பது விமானம் ஒன்றுதான்.

நாம் பார்க்கிற அதிபர் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறவர். ஆனால் இந்த இனம் திருப்பூருக்கு மட்டும் சொந்தமில்லை. எந்த ஊரில் ஒரு நூற்பாலையோ கல்லூரியோ பஸ் கம்பெனியோ கடனில்லாமல் ஓடி, முதலாளிக்கு ஐம்பத்தைந்து வயதாகி, மகனும் வெளிநாட்டில் எம்.பி.ஏ. முடித்துத் திரும்புகிறானோ, அங்கே ஒருவர் முளைத்துவிடுவார்.

முன்னோர்களும் உண்டு. காற்றாலை வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சென்னை என்.இ.பி.சி., தொண்ணூறுகளில் விமானம் விட்டது. போதாதென்று தமானியா விமான நிறுவனத்தையும் வாங்கிப் போட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இரண்டும் தரையிறங்கிவிட்டன. மதுரை ஜவுளிக் குடும்பத்திலிருந்து 2005 அக்டோபரில் பாரமவுண்ட் கிளம்பியது. எம்ப்ரயர் விமானங்கள், எல்லா இருக்கையும் பிசினஸ் கிளாஸ். 2010இல் குத்தகைக்கு விட்டவர்களோடு வழக்காகி நின்றுபோனது. கோயம்புத்தூர் ஏர் கார்னிவல் 2016 ஜூலையில் பறக்கத் தொடங்கி 2017 ஏப்ரலில் நின்றது. பத்து மாதம்கூட முழுசாக இல்லை.

இதையெல்லாம் ஆடிட்டர் எடுத்துச் சொல்லும்போது அதிபர் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு, "அவங்களுக்கு மேனேஜ்மென்ட் பத்தலீங்க" என்று ஒரே வரியில் எல்லாருக்கும் இரங்கற்பா பாடிவிடுவார்.

அவருடைய குலதெய்வம் கேப்டன் கோபிநாத். 2003இல் ஏர் டெக்கானைத் தொடங்கி, ஒரு ரூபாய்க்கு டிக்கெட் விற்றவர். 2020இல் அவருடைய வாழ்க்கையைத் தழுவிய 'சூரரைப் போற்று' வந்ததிலிருந்து அதிபரின் பேச்சில் அடிக்கடி ஒரு மிடுக்கு தலைகாட்டுகிறது. படம் வெற்றியோடு முடிந்துவிடுகிறது. அது படத்தின் குற்றமில்லை. 2007இல் டெக்கான் விஜய் மல்லையாவின் கைக்குப் போனதும், 2012இல் அவருடைய கிங்ஃபிஷரே முடங்கியதும் இரண்டாம் பாகத்துக்கான கதை. அதை யாரும் எடுக்கவில்லை, அதிபரும் பார்க்கவில்லை.

"விமானத்தை எவனுங்க சொந்தமா வாங்கறான்? எல்லாம் லீசுதானுங்க" என்கிறார். இந்த ஒன்றில் அவர் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் கல்யாண மண்டபம் பிடிக்கிற மாதிரி என்று நினைத்துவிட்டார். மண்டபத்துக்கு ஒருநாள் வாடகையோடு போயிற்று. விமானத்துக்குச் சில மாத வாடகையை முன்பணமாக வைக்க வேண்டும். அதன்பின் பறந்தாலும் நின்றாலும் மாதா மாதம் வாடகை. போதாததற்கு, பறக்கிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் என்ஜின் பராமரிப்புக்கென்று தனியாக எடுத்துவைக்க வேண்டும். அத்தனையும் டாலரில்.

டாலர் என்றதும்தான் அதிபரின் முகம் முதல்முறையாக மாறியது. முப்பது வருஷமாக டாலர் ஏறினால் சந்தோஷப்பட்ட வீடு அது. இனிமேல் ஏறினால் ஒரு கம்பெனியில் பாயசம், இன்னொரு கம்பெனியில் துக்கம்.

ஆடிட்டர் விடவில்லை. விமான நிறுவனத்தின் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம் எரிபொருளுக்கே போய்விடும் என்றார். அந்த எரிபொருள் ஜி.எஸ்.டி.க்குள் வராது, மாநிலத்துக்கு மாநிலம் வாட் வரி வேறு. ரீஃபண்ட் வாங்கியே வளர்ந்தவரிடம் இதைச் சொல்வது கொஞ்சம் கொடுமைதான்.

முதல் விமானத்துக்குத் தை மாதத்தில் நாள் குறித்து வைத்திருக்கிறார். ஜோசியர் சம்மதித்துவிட்டார், இனிச் சம்மதிக்க வேண்டியது விமானத் துறையின் ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. அங்கே அனுமதிக்கு ஐந்து கட்டங்கள். கையேடுகளை எழுதிக் கொடுக்க வேண்டும், அவர்கள் வரிவரியாகப் படிப்பார்கள், டிக்கெட் வாங்கிய பயணி ஒருவர்கூட இல்லாமல் அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு பறந்து காட்ட வேண்டும். பணமும் பழுத்த அனுபவசாலிகளும் சேர்ந்திருந்த ஆகாசா விமான நிறுவனத்துக்கே, 2021 அக்டோபரில் தடையில்லாச் சான்று கிடைத்தும் முதல் விமானம் கிளம்ப 2022 ஆகஸ்ட் ஆயிற்று. விமானிகளையும் நினைத்த மாத்திரத்தில் இழுத்துவர முடியாது. வேறு கம்பெனிக் கேப்டன் வேலையை விட வேண்டுமானால் ஒரு வருஷம் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2017இலிருந்தே விதி. போட்டிக் கம்பெனி டைலரை தீபாவளி போனஸ் கையில் வந்த மறுநாளே தூக்கிவந்து பழகியவருக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது.

"அப்ப இண்டிகோக்காரன் மட்டும் எப்படீங்க?"

நல்ல கேள்வி. ஆனால் பதில் சுவாரசியமில்லாதது. ஒரு பயணியைக்கூட ஏற்றுமுன், 2005இலேயே 100 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். மொத்தமாக வாங்கும்போது விலை குறையும். வாங்கியதைக் குத்தகை நிறுவனங்களுக்கு விற்று, அதையே திருப்பி வாடகைக்கு எடுத்துப் பறந்தார்கள். 2006 ஆகஸ்டில் தொடங்கி வெகுகாலம் ஏறக்குறைய ஒரே வகை விமானம்தான் ஓட்டினார்கள். சாப்பாடு வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மயிலும் கிடையாது, கம்பங்கூழும் கிடையாது. அதிபர் பாதியிலேயே மகனிடம் ஏசியைக் குறைக்கச் சொன்னார்.

அவசரப்பட்டு அவரைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது. சேலம் விமான நிலையம் ஆளில்லாமல் பல வருஷம் கிடந்தது. 2018 மார்ச்சில் சிறு கம்பெனியான ட்ரூஜெட் சென்னையிலிருந்து வந்த பிறகுதான் அந்த ஊர்க்காரர்களுக்கு மறுபடி விமானம் என்று ஒன்று கிடைத்தது. பெரியவர்கள் எட்டிப் பார்க்காத ஊருக்கு முதலில் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட துணிச்சல்காரர்கள். முதலில் போகிறவர்களும் அவர்களே. 2021இல் ட்ரூஜெட்டின் சேலம் சேவை நின்றது, 2023இல் இண்டிகோ அந்தத் தடத்துக்கு வந்தது.

கணக்கெல்லாம் கேட்டு முடித்த அதிபர், கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கோபிநாத்தும் எடுத்த எடுப்பில் விமானம் விடவில்லையே, 1997இல் ஹெலிகாப்டரில்தானே ஆரம்பித்தார்?

"ரெண்டு ஹெலிகாப்டர் போதுமுங்க" என்றார். ஆடிட்டர் கால்குலேட்டரை எடுப்பதற்குள் மேசைமேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "வாடகை ரூபாயில கெடைக்குமுங்களா?" என்று கேட்டார்.