செயின் உரசுது, அண்ணை!

ஆக்லாந்தில் ஞாயிறு காலை டாமாக்கி டிரைவ் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓடும் தமிழர் கூட்டம் எதுவானாலும் அதில் ஒரு சத்தப் பரிசோதகர் இருப்பார். மற்றவர்கள் கடலைப் பார்ப்பார்கள், எதிரே ரங்கிட்டோட்டோ தீவைப் பார்ப்பார்கள், மிஷன் பேயில் கோப்பிக்கு எப்போது நிற்கலாம் என்று மணியைப் பார்ப்பார்கள். இவருக்குக் காது மட்டும்தான் வேலை செய்யும்.

சைக்கிளில் செயினும் பல்சக்கரமும் வலப்பக்கம். இந்த நாட்டில் வாகனங்கள் ஓடுவது இடப்பக்கம். ஆகவே நம் செயினுக்குக் காது கொடுக்க வேண்டுமென்றால் அவர் நமக்கு வலப்புறமாக, கார்கள் வரும் பக்கமாக வந்து ஓட வேண்டும். ஓடுவார். பின்னால் வரும் காரோட்டி ஹார்ன் அடித்தால், "உவன் அடிக்கிற அடியில ஒண்டும் கேக்குதில்லை" என்று சலித்துக்கொள்வார். டிஸ்க் பிறேக் வைத்திருப்பவருக்கு மட்டும் சலுகையாக இடப்புறமும் வருவார். டிஸ்க் அந்தப் பக்கம்தானே இருக்கிறது! 1994 முதல் இங்கே ஹெல்மெட் கட்டாயம். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் காதை நம் பெடலோடு ஒட்டியே வைத்திருப்பார்.

செயின்ட் ஹீலியர்ஸ் வரை பெரும்பாலும் சமதரை. அதுவரை தப்பலாம். அதற்கப்பால் கிளிஃப் ரோடு ஏற்றம். எழுந்து நின்று மிதித்தோமோ, 'கிரிச்'.

"நில்லுங்கோ, நில்லுங்கோ! அண்ணை, உங்கட செயின் உரசுது."

அவருக்கு விஷயம் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. தெரியும், அதுதான் தொல்லை. சத்தம் ஓயாமல் வந்தால் செயினைத் தள்ளிவிடுகிற முன் கியர்க் கூண்டு இடம் தவறி நிற்கிறது, கேபிள் தளர்ந்திருக்கும். பெடல் சுற்றுக்கு ஒரு தடவை வந்தால் பல்சக்கரம் வளைந்திருக்கும். முன்னாலும் சின்னது, பின்னாலும் ஆகச் சின்னது என்று போட்டு ஓடினால் செயின் குறுக்கே இழுபட்டுப் பெரிய பல்சக்கரத்தின் உட்புறத்தில் உரசும். கியரை மாற்றினால் தீர்ந்தது. பலம் கொடுத்து மிதிக்கும்போது மட்டும் வந்தால் அச்சுப் பேரிங்கை ஆட்டிப் பார்க்க வேண்டும், கிராங்க் போல்ட்டை முறுக்கிப் பார்க்க வேண்டும். இவ்வளவையும் பஞ்சாங்கம் வாசிப்பதுபோல் ஒப்பிப்பார். ஒப்பித்து முடிந்ததும், "உங்களுக்கு உது ஒண்டும் இல்லை. உங்கட பிரேம் நெளியுது" என்பார்.

நிரூபணமும் உண்டு. சைக்கிளைச் சற்றே சாய்த்துப் பிடித்து, கீழே நிற்கும் பெடலில் காலை வைத்து, தன் எடை முழுவதையும் இறக்குவார். பல்சக்கரம் ஓரிரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகரும். "பாத்தீங்களே!" அந்த மிதிக்கு எந்தப் பிரேம்தான் அசையாது? பல்சக்கரம் கீழே உள்ள அச்சோடு அசைகிறது, இருக்கைக் குழாயில் மாட்டிய கூண்டு அந்தளவு அசைவதில்லை, இடைவெளி போய் உரசுகிறது. அவர் சொல்வது உண்மைதான். கூண்டை ஒரு நூல் தள்ளிவைத்தால் சத்தம் நின்றுவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் அதற்குக் காசு செலவில்லை, ஆகவே அதில் அவருக்குச் சுவாரசியமும் இல்லை. அவரே எஃகிலிருந்து அலுமினியத்துக்கும் அங்கிருந்து கார்பனுக்கும் இடம்பெயர்ந்தவர்.

மெல்லிய அலுமினியக் குழாய்களைப் பசை போட்டு ஒட்டிச் செய்த வைட்டஸ் 979 பிரேம் நெளிவுக்குப் பேர்போனது. 1980களில் அயர்லாந்தின் ஷான் கெல்லி அதில் ஏறித்தான் ஐரோப்பாவின் பெரிய பந்தயங்களை வென்றார். இதை ஒருவர் எடுத்துச் சொன்னபோது நம்மவர் அசரவில்லை. "நெளியாட்டி அந்தாள் இன்னும் வேகமா ஓடியிருக்கும்."

அவருடைய கார்பன் பிரேமிலும் ஒருநாள் 'டிக், டிக்' என்று சத்தம் வந்தது. கராஜில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வாரக்கணக்கில் ஆராய்ச்சி. அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து மாமனார் வந்திறங்கினார். பொருளாதாரத் தடைக்காலத்தில், பெட்ரோல் கண்ணில் படாத யாழ்ப்பாணத்தில், முன் பாரில் பிள்ளை, பின் கரியரில் மனைவி, ஹாண்டிலில் மண்ணெண்ணெய்ப் போத்தல் என்று ஓடித் திரிந்த மனிதர். பெடலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். கியர்க் கேபிளின் வெட்டிய நுனி வெளியே நீட்டிக்கொண்டு, சுற்றுக்கு ஒரு தடவை கிராங்கில் தட்டிக்கொண்டிருந்தது. பெருவிரலால் அதை உள்ளே மடக்கிவிட்டு, கராஜ் மூலையில் கிடந்த கதிரையில் உட்கார்ந்தார்.

"தம்பி, தேத்தண்ணி இருக்கோ?"

மருமகன் நெடுநேரம் பெடலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சத்தம் இல்லை. முகம் வாடிப்போனது. தேத்தண்ணி வந்தது, மாமனார் கோப்பையை வாங்கச் சற்றே முன்னால் சாய்ந்தார்.

"மாமா, ஒருக்கா எழும்புங்கோ. உந்தக் கதிரைக் கால் நெளியுது."