இடிப்பதற்குள் ஒரு ஸ்டே

கே: ஊரில் ஆயிரம் பிரச்சினை கிடக்க, பழைய கட்டடத்துக்கும் மரத்துக்கும் சங்கம் வைத்து அலைகிறார்களே, அவர்களுக்கு வேறு வேலையே இல்லையா? (வாசகர், வியாசர்பாடி)

இருக்கிறது. அதற்கு லீவு போட்டுவிட்டுத்தான் கோர்ட் வராந்தாவில் நிற்கிறார்கள்.

கே: நின்று எதையாவது காப்பாற்றினார்களா? (வாசகி, திருவல்லிக்கேணி)

அண்ணா சாலையில் இருக்கும் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தைப் பாருங்கள். டபிள்யூ.ஈ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரி 1897இல் கட்டியது. கைமாறிக் கைமாறி எல்.ஐ.சி.யிடம் வந்து சேர்ந்தது. 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள். இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் சென்னைக் கிளை ஹைகோர்ட்டுக்கு ஓடி ஸ்டே வாங்கியது. 2010இல் தீர்ப்பு வந்தது: இடிக்கக் கூடாது, பழுது பார்க்க வேண்டும். முதல் பாதி உடனே அமலானது. இரண்டாம் பாதிக்கு அவசரமில்லை போலும். தீர்ப்புக்குப் பிறகும் பல வருஷம் அது சிதிலமாகவே நின்றது. இடிக்காமல் வைப்பது வேறு, காப்பாற்றுவது வேறு.

கே: எது பாரம்பரியக் கட்டடம், எது வெறும் பழைய கட்டடம் என்று யார் முடிவு செய்வது? (வாசகர், பெரம்பூர்)

சென்னையில் இதைத் தொடங்கி வைத்த புண்ணியம் விளம்பரப் பலகைகளுக்கு! ஹோர்டிங் தொல்லையை ஆராய ஹைகோர்ட் அமைத்த நீதிபதி பத்மநாபன் கமிட்டி, பலகை வைத்து மறைக்கக் கூடாத கட்டடங்கள், இடங்கள் என்று 467ஐப் பட்டியல் போட்டது. மறைக்கவே கூடாது என்றால் இடிக்க மட்டும் விடலாமா? 2010 தீர்ப்பு அந்தப் பட்டியலுக்குத்தான் பாதுகாப்புக் கொடுத்தது. அதன்பின் கட்டடங்களைத் தரம் பிரிக்கும் வேலை சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் பாரம்பரியக் குழுவுக்குப் போனது. இந்தச் சங்கங்களின் உண்மையான உழைப்பும் இங்கேதான். பாரம்பரிய நடைப்பயணம், புகைப்படக் கண்காட்சி எல்லாம் நமக்குத் தெரிகிறவை. சர்வே எண், கட்டிய வருஷம், உரிமையாளர் விவரம் என்று கோப்பு சேர்ப்பது யாருக்கும் தெரியாது. பட்டியலில் இல்லாத கட்டடத்துக்காக நீங்கள் எவ்வளவு உருகினாலும் ஜே.சி.பி. உருகாது.

கே: பாரம்பரியமும் பசுமையும் அண்ணன் தம்பிகள்தானே? (வாசகி, புரசைவாக்கம்)

பங்காளிகள். சென்ட்ரல் பக்கம் 1859இல், கவர்னர் டிரெவெல்யன் காலத்தில், பீப்பிள்ஸ் பார்க் என்று 116 ஏக்கரில் ஒரு பூங்கா போட்டார்கள். குளங்கள், பேண்டு வாத்திய மேடை, மிருகக்காட்சி சாலை எல்லாம் இருந்தன. பிறகு ஒரு மூலையில் விக்டோரியா ஹால் வந்தது. இன்னொரு பக்கம் மூர் மார்க்கெட். 1913இல் ரிப்பன் மாளிகை. அப்புறம் ஸ்டேடியம். இன்று நாம் பொத்திப் பொத்திக் காக்கும் கட்டடங்கள், அன்று பூங்காவை விழுங்கியவை! அன்றைக்கு ஒரு சங்கம் இருந்திருந்தால் ரிப்பன் மாளிகைக்கே ஸ்டே வாங்கியிருக்கும். வாங்கியிருக்கவும் வேண்டும் என்பேன். மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்து, அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்தது. பூங்காவில் மிச்சம் என்று கேட்டால் மை லேடீஸ் பூங்காவைக் காட்டுவார்கள்.

கே: எங்கள் தெருப் புங்கை மரத்தில் டியூஷன் சென்டர்காரர் போர்டு அடித்திருக்கிறார். கழற்றலாமா? (மாணவர், கொளத்தூர்)

கழற்றலாம். அதே சென்டரில் படிப்பவராக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கழற்றுங்கள். ஆணியைக் குறடால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். ஆட்டி ஆட்டி எடுத்தால் துளை பெரிதாகும். அப்படியே அடிமரத்தைப் பாருங்கள், கழுத்துவரை சிமெண்ட் பூசியிருப்பார்கள். அதை உடைத்து ஒரு முழ அகலத்துக்காவது மண் தெரிய விடச் சொல்லி மாநகராட்சிக்கு எழுதுங்கள். சென்னையில் 2005 முதல் ‘நிழல்’ என்ற அமைப்பு மரங்களுக்காக வேலை செய்கிறது. அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தைக் கோட்டூர்புரம் மரப்பூங்காவாக மாற்றியவர்கள் அவர்கள்தான்.

கே: இப்படியே தடுத்தால் நகரம் வளருவது எப்படி? (வாசகர், மேடவாக்கம்)

மேடவாக்கத்திலிருந்தா கேட்கிறீர்கள்? உங்கள் பக்கத்துப் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல். 2022இல் சதுப்பு நிலங்களுக்கான சர்வதேச ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது 1,247 ஹெக்டேருக்கு. நகரம் அங்கே போய் வளர்ந்தால் மழைத்தண்ணீர் உங்கள் ஹாலில் வந்து வளரும்.

கே: எங்கள் பாட்டன் வீடு பட்டியலில் வந்துவிட்டால் நான் என்ன செய்வது? (வாசகர், மயிலாப்பூர்)

இதற்குக் கிண்டல் பதில் கிடையாது. தேக்கு உத்தரமும், சுண்ணாம்பில் பதித்த செங்கல்லுமாக இருக்கும் மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகினால், சுண்ணாம்புக் கலவை தெரிந்த கொத்தனாரைத் தேடவே நாலு மாதம் ஆகும். பாராட்டுக் கடிதத்தால் ஒழுகல் நிற்காது. கட்ட முடியாமல் போகும் பரப்புக்கான உரிமையை வேறிடத்துக்கு மாற்றி விற்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் அதைச் சாதாரண வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்லி, விண்ணப்பம் போட உதவும் ஆள் குறைவு. சங்கங்கள் கோட்டை விடுகிற இடம் இதுதான்.

கே: நாங்களும் ஒரு சங்கம் ஆரம்பிக்கலாமா? (வாசகி, அம்பத்தூர்)

தாராளமாக. 1975ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். ஏழு பேரும் தலைவர் பதவி கேட்காமல் இருந்தால் இன்னும் விசேஷம். முதல் வேலையாக உங்கள் பகுதியின் ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீட்டு) நிலங்களைத் தேடுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுகிறவர்கள் 10 சதவீத நிலத்தைப் பூங்கா போன்ற பொது உபயோகத்துக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். அது பூங்காவாக இருக்கிறதா, யாரோ கார் நிறுத்துகிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பெயர்ப்பலகையை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.