ஆமேலே பன்னி

பெங்களூருக்கு வந்த புதிதில் மாரத்தஹள்ளியில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தேன். 'டு-லெட்' பலகை தொங்கிய ஒரு வீட்டில், கையில் கரண்டியோடு கதவைத் திறந்த அம்மாள் "ஆமேலே பன்னி" என்றார். 'மேலே' மட்டும் எனக்குப் புரிந்தது. பன்னி என்றது என்னைத்தான் என்று பட்டாலும், வீடு தேடுகிறவனுக்கு ரோஷம் எதற்கு? விறுவிறுவென்று மாடியேறினேன். மொட்டை மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குக் காவல் போல ஒரு பத்து நிமிடம் நின்றேன். துணி எடுக்க வந்த தமிழ்ப் பையன்தான், "அப்புறமா வாங்கன்னு சொல்லியிருக்காங்கண்ணா" என்றான். வீடு கிடைக்கவில்லை.

கன்னடம் தெரியாது என்பதாவது எனக்குத் தெரிந்திருந்தது. இங்கிலீஷ் தெரியும் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

வெளிவட்டச் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. டீமில் பாதிப் பேர் இங்கே, மீதிப் பேர் அமெரிக்காவில் ஆஸ்டினில். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, இரண்டு வாரமாக எழுதிய கோடைச் சேர்த்துவிட்டு அங்கிருந்த சகாவுக்கு ஒரு மெயில் தட்டினேன். முடிவில், அப்பா காலத்து ஆபீஸ் கடிதங்களின் மரியாதையோடு, 'கைண்ட்லி ரிவர்ட்' என்று போட்டேன். பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள் என்று அர்த்தம். நமக்கு.

எங்கள் தொழிலில் ரிவர்ட் என்றால் செய்த மாற்றத்தை நீக்கிவிட்டுப் பழையபடி ஆக்குவது. கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' மென்பொருளில் அதற்கென்றே கட்டளை இருக்கிறது. அவரோ சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர்.

திங்கட்கிழமை காலை 'டன்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்திருந்தது. என்ன வேகம், என்ன பொறுப்பு என்று மெச்சிக்கொண்டே காபி குடித்தேன். பாதி டம்ளரில் டெஸ்டிங் பெண் வந்து நின்றாள். "சார், உங்க கோடு எதையும் காணோமே?"

மீட்பது ஒன்றும் பெரிய வேலையில்லை, ரிவர்ட்டையே ரிவர்ட் செய்தால் போதும். அதை அவருக்கு எந்த வார்த்தையில் எழுதுவது என்றுதான் ஒரு மணி நேரம் விழித்தேன்.

இன்னொரு முறை, அவர் போட்ட டிசைனில் ஓர் இடம் புரியாமல் 'ஐ ஹேவ் எ டவுட்' என்று எழுதினேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் "சந்தேகம் இருந்தா கேளுங்கடா" என்பாரே, அந்தச் சந்தேகம். அவருக்கு அது அவநம்பிக்கையாகப் பட்டிருக்கிறது. தன் டிசைன் சரிதான் என்று நிரூபித்து மூன்று பக்கம் அனுப்பினார். நான் கேட்ட இடம் மட்டும் அதில் இல்லை.

1999-இல் பவுண்டு கணக்கையும் நியூட்டன் கணக்கையும் குழப்பிக்கொண்டு நாசா ஒரு செவ்வாய்க் கலத்தையே தொலைத்ததே என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஆனால் நாசா விசாரணைக் குழு வைத்தது. நான் தலையாட்டி வைத்தேன். தூரத்தின் மேலும் பழி போடமுடியாது. 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூருக்கு வந்தபோது அமெரிக்காவோடு பேசுவதற்குத் தனியாக ஒரு செயற்கைக்கோள் ஆன்டெனாவே வைக்கவேண்டியிருந்தது. இப்போது வீடியோ காலில் என் முகம் பளிச்சென்று போகிறது, தலையாட்டலும் சேர்த்து. 'காதில் விழுகிறது' என்று நான் ஆட்டுவதை அங்கே 'சம்மதம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். தப்பென்று சொல்ல எனக்கும் வாய் வருவதில்லை. கேள்வி கேட்டால் கால் நீளும், சாப்பாடு ஆறிவிடும்.

போன வாரமும் அப்படித்தான். அடுத்த ரிலீஸைப் பற்றி முக்கால் மணி நேரம் விளக்கிவிட்டு, "எனி கொஸ்டின்ஸ்?" என்றார். என்னிடம் ஏழு இருந்தன. "நோ, ஆல் கிளியர்" என்று தலையை நன்றாக ஆட்டினேன். மைக்கை அணைத்துவிட்டுப் பக்கத்து சீட் தம்பியிடம் கேட்டேன்.

"என்னப்பா சொன்னாரு?"

"நீங்க தலையாட்டினீங்களே சார்! உங்களுக்குப் புரிஞ்சிடுச்சு, அப்புறம் கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன்."